ஆர்லிஸ் தூக்காத வலை

ஆர்லிஸ் பெக்கலா அம்மாளிடம் யாராவது தட்டான்பூச்சியின் படம் காட்டினால், அவர் முதலில் தன் வலது கட்டைவிரலைத் தட்டான் மேல் வைத்து மறைத்துவிடுவார். பிறகுதான் படத்தைப் பார்ப்பார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இதைப் பார்த்து வருகிறேன். அப்போது படங்கள் காகிதத்தில் வந்தன. பிறகு கேமராவின் முதுகில், பிறகு செல்பேசியில். விரல் மட்டும் மாறவில்லை. செல்பேசியில் விரல் பட்டால் படம் நகர்ந்துவிடும். "ஓடறான் பாரு," என்று அதையும் சந்தேகப்படுவார்.

இதெல்லாம் எங்கள் கடையில்தான் நடக்கும். வடக்கு விஸ்கான்சினில் ஆல்டர் ஆற்றங்கரையில் அப்பா இரைக்கடை வைத்திருக்கிறார்: மண்புழு, சிறுமீன், தூண்டில், நூல், ஒரு பானை காப்பி. விக்ஸ்ட்ரம் ஊரில் விடிந்ததும் திறக்கிற கடை அது ஒன்றுதான். மீன் பிடிக்கிறவர்களும் தட்டான் பிடிக்கிறவர்களும் அதே காப்பியைத்தான் குடித்தாக வேண்டும்.

"தட்டானை மறைச்சுட்டு என்னத்தைப் பார்க்கறீங்க?" என்று மார்வ் ஷிமெக் ஒருமுறை கேட்டார். கறிக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தட்டான் பின்னால் அலைகிறவர் மார்வ்.

"தட்டான் அழகா இருக்கும் மார்வ். அழகானதை முதல்ல பார்த்துட்டா மத்தது கண்ணுல படாது."

அன்று மார்வ் காட்டிய படத்தில் ஒரு சிவப்புத் தட்டான் கிளை நுனியில் உட்கார்ந்திருந்தது. எங்கள் கவுண்டிக்கே, அதாவது மாவட்டத்துக்கே, புதியது. ஆர்லிஸ் விரலை வைத்தார். பின்னால் மங்கலாகத் தெரிந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மரம் நம்ம ஊர்ல எந்தக் காலத்துல முளைச்சுது?"

மார்வ் தலையைச் சொறிந்தார். மிசூரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது எடுத்த படம், எங்கள் சதுப்பில் எடுத்த படங்களோடு கலந்துவிட்டிருந்தது. வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் வழக்கப்படி தண்டனை உண்டு. எங்கள் ஊர்த் தட்டான்காரர்களிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சந்தேகப்பட்டு, சந்தேகம் சரியென்று ஆனால், சொன்னவர் சந்தேகப்பட்டவரின் வலையை ஒரு நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்க வேண்டும். சந்தேகம் தப்பென்றால், சந்தேகப்பட்டவர் தூக்க வேண்டும். மார்வ் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்லிஸின் வலையோடு சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நடந்தார். "நேராப் பிடி, அது விளக்குமாறு இல்ல," என்று ஆர்லிஸ் திரும்பித் திரும்பிச் சொன்னாராம்.

ஆர்லிஸ் யாருடைய வலையையும் தூக்கியதில்லை. அதைப் பார்க்க ஊரே காத்திருந்தது.

மாநிலத் தட்டான் கணக்கெடுப்புக்கு எங்கள் கவுண்டியிலிருந்து யார் படம் அனுப்பினாலும் அதைச் சரிபார்க்கிற பொறுப்பு அவருடையது. சம்பளம் கிடையாது. அதற்கு முன் பாதி ஆயுள் கிராமத் தபால் வண்டி ஓட்டியவர். எங்கள் ஊர் வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும்; தபால்பெட்டிகளுக்குக் கை எட்டுவதற்காக அவர் வலது பக்கம் உட்கார்ந்து, இடது காலையும் இடது கையையும் நீட்டி ஓட்டுவார். ஓய்வு பெற்ற பிறகும் சொந்தக் காரில் சில சமயம் மறந்துபோய் வலது பக்கம் ஏறி உட்கார்ந்துவிடுவார். தட்டான்களோடு பழக்கமானதும் அந்த வண்டியிலிருந்துதான். சாலையோரப் பள்ளத்தருகே நிற்கும் ஒவ்வொரு வீட்டுத் தபால்பெட்டியின் தகரக் கொடியிலும் ஒரு தட்டான் உட்கார்ந்திருக்கும். அது எழுந்து போகிறவரை கடிதத்தைப் போடாமல் காத்திருந்தவர், பிறகு கேமரா வாங்கினார்.

"உறை மேல எழுதியிருக்கறது அனுப்பினவன் சொல்றது," என்பார். "முத்திரைதான் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லும்."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கடைச் சுவரில் என் பட்டத்தை, பாடம் செய்து மாட்டிய பெரிய பைக் மீனின் தலைக்கு அருகில் மாட்டியிருந்தார். நான் அதன் அடியில் நின்று மண்புழு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படித்தது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூன் மாதம் ஒரு காலையில், கடைக்குப் பின்னால் எங்கள் படகுத்துறையின் தூணில் ஒரு தட்டானைப் பார்த்தேன். அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறிச் சட்டை உரித்திருந்தது. பாம்பு சட்டை உரிப்பதுபோலத்தான். நீர்ப்புழுவாக இருந்தது முதுகைப் பிளந்து தட்டானாக வெளியே வரும், காலி ஓடு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சிறகுகள் இன்னும் ஈரப் பளபளப்போடு இருந்தன. உடம்பு புதுத்தளிர்ப் பச்சை. அளவில் மிகச் சிறியது. பின்சிறகின் அடிப்பாதி முழுக்கத் தேன்நிறம். பாம்புவால் என்கிற வகைத் தட்டான்களிலேயே சிறியது அது, குட்டிப் பாம்புவால். சட்டை உரித்த கையோடு மர உச்சிக்குப் போய்விடும். பிறகு யார் கண்ணிலும் படாது. எங்கள் ஆற்றில் அதை யாரும் பார்த்ததில்லை.

படம் எடுத்தேன். அது பறந்த பிறகு சட்டையை எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் வைத்தேன். கணக்கெடுப்பில் அந்தப் பதிவு என் பெயரில் ஏறினால், என்று நினைத்தேன். ஏறினால் என்ன என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காப்பி நேரத்தில் ஆர்லிஸிடம் செல்பேசியை நீட்டினேன். விரல் வந்து உட்கார்ந்தது.

"எங்க எடுத்த?"

"நம்ம துறையில. கடைக்குப் பின்னாடி."

"ஏன் இப்படிச் சிரைச்சு வச்சிருக்க?"

"என்னது?"

"படத்தை. நாலு பக்கமும் மழிச்சு வச்சிருக்க. என் விரலை எடுத்தா தட்டான், வச்சா ஒண்ணுமே இல்ல. முழுப் படம் எங்க?"

மார்வ் எனக்காகப் பேசினார். "அழகுக்காக வெட்டியிருப்பா, ஆர்லிஸ். சின்னப் பொண்ணு."

"அழகுக்காகத்தான் எல்லாரும் வெட்டறாங்க."

நான் முழுப் படத்தை எடுத்துக் காட்டினேன். தூண், பலகைகள், வலது ஓரத்தில் கவிழ்த்து வைத்த நீலத் தொட்டி. தொட்டிக்கு அடியில் பலகை கறுத்து ஈரமாக இருந்தது. அந்தத் தொட்டி அசிங்கமாக இருக்கிறதே என்றுதான் வெட்டினேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

"ரோலி," என்று அப்பாவைக் கூப்பிட்டார். "இந்த நீலத் தொட்டியில என்ன இருந்துச்சு?"

"தண்ணி," என்றார் அப்பா, கல்லாவுக்குப் பின்னாலிருந்து.

"எந்த ஊர்த் தண்ணி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். ஆர்லிஸும் கவனித்தார்.

அப்பா முந்தைய வருடத்திலிருந்து கல்புழு விற்க ஆரம்பித்திருந்தார். வேகமாக ஓடும் ஆற்றில் கற்களைக் காலால் கிளறி, கீழே வலை பிடித்தால் வந்து விழும். பாஸ் மீனுக்கு அதைவிட நல்ல இரை இல்லை. அதற்காக இரண்டு கவுண்டி தள்ளியிருக்கும் பிளாக் எல்ம் ஆற்றுக்குப் போய்வருவார். குட்டிப் பாம்புவால் அந்த ஆற்றில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் நீர்ப்புழுவும் அதே கூழாங்கற்களுக்குள்தான் கிடக்கும். கல்புழுவை வாரும் வலையில் அதுவும் வரும். தொட்டித் தண்ணீரை எங்கள் ஆற்றில் கொட்டினால் இங்கே வந்து சேர்ந்துவிடும்.

ஒரு ஆற்றின் தண்ணீரை அதிலுள்ள உயிர்களோடு இன்னொரு ஆற்றில் கொட்டினால் இரை விற்கும் லைசென்ஸ் போய்விடும். எங்கள் வீடும் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். லைசென்ஸ் போனால் எங்களுக்கு மிஞ்சுவது அந்தச் சுவர்தான்.

"மாநிலத்துக்கு எழுதப் போறீங்களா?" என்று வாசல்வரை ஆர்லிஸ் பின்னால் போய்க் கேட்டேன்.

"சந்தேகத்தை எழுத மாட்டேன். பார்த்தா எழுதுவேன். ஜூன் முடியட்டும், அதுவரைக்கும் உன் பதிவு நிலுவையில கிடக்கட்டும்."

"என்னத்தைப் பார்ப்பீங்க?"

"பழைய ஆலை அணைக்கு மேல, ஆத்தோட மேல்பக்கத்துல, இதே சட்டை ஒண்ணு கிடைச்சா இவன் இந்த ஆத்துக்காரன். கீழ, உங்க துறைப் பக்கம் மட்டும்னா, உங்கப்பன் கூட்டிட்டு வந்தவன். புழு அணை ஏறாது."

"தட்டான் பறந்து போய் மேல முட்டை வைக்கலாமே?"

"வைக்கட்டும். அது தட்டானாக ரெண்டு வருஷம் ஆகும். உங்கப்பன் கல்புழு கொண்டுவர ஆரம்பிச்சதே போன வருஷம் ஜூனுக்கு அப்புறம்தான்." காரின் வலது பக்கக் கதவைத் திறந்தார், திட்டிக்கொண்டே மூடினார், சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினார்.

அன்று மத்தியானம் அப்பா சிறுமீன் தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த நீலத் தொட்டியை எங்கப்பா கழுவின?"

"பம்புல."

"துறைப்பலகை ஈரமா இருந்துச்சு."

"பனி."

"பனி ஒரு பலகையில மட்டுமா பெய்யும்?"

அப்பா துணியைத் தொட்டிக்குள் எறிந்தார். "அப்படியே தபால்காரம்மா மாதிரியே பேசற. இதைத்தான் காலேஜ்ல சொல்லிக் கொடுத்தாங்களா?" பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "அவ கண்ணு தட்டான் மேல இல்ல, டெஸ். என் மேல. வெர்ன் விஷயம் உனக்குத் தெரியாது."

வெர்ன் ஆர்லிஸின் கணவர். எப்போதோ அவரை விட்டுப் போய்விட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்பா சொன்னது இது. வெர்ன் குளிர்காலம் முழுக்க, பனி உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார். நம் ஏரியில் பிடித்தது என்று மீனைத் தூக்கிப் பிடித்தபடி எடுத்த படம் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து காட்டினார். ஆர்லிஸ் மீனைப் பார்க்கவில்லை. பின்னால், மரங்களுக்கு மேலே, வேறொரு ஊரின் பெயர் எழுதிய உயரமான தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தபால் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் அடியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். வெர்ன் ஒரு வீட்டிலிருந்து இன்னொருத்தியோடு வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தார். பிறகுதான் பேசினார். அதுவும் ஒரே ஒரு தடவை.

"அதுக்கும் உனக்கும் என்னப்பா?"

"படம் எடுத்தது நான்." அப்பா மறுபடி துணியைக் கையில் எடுத்தார். "எனக்கு எல்லாம் தெரியும். சொல்லல. அவளுக்கு அது தெரியாது. ஆனா மோப்பம் பிடிச்சிருப்பா. இப்பக் கணக்குத் தீர்க்கறா."

அப்பா சொன்னதை நம்புவதா, அவர் ஏன் இப்போது சொல்கிறார் என்று யோசிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

மறுநாள் விடிந்ததும் அணைக்கு மேலே போனேன். ஜூனில் எந்த ஆற்றங்கரையிலும் சட்டைகள் கிடைக்கும். பாறையில், கோரையில், பாலத்துத் தூணில், எங்கே பார்த்தாலும் பழுப்பு ஓடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று ஒன்றுகூட இல்லை. சாதாரண வகையும் இல்லை. கரையைத் துடைத்துவிட்டதுபோல இருந்தது. சேற்றில் ஒரு படகின் மூக்குத் தடமும் சிறிய ரப்பர் பூட்ஸ் தடங்களும் இருந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே. எனக்கு முன்னால் யாரோ வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள்.

"நான் சொன்னேன்ல," என்றார் அப்பா. "சாட்சியையே அழிக்கறா."

அந்த வாரம் முழுக்க ஆர்லிஸ் கடைக்கு வரவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கடைசியில் நானே அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேஜை முழுக்க முட்டை அட்டைகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சட்டை. நூற்றுக்கணக்கில். அவர் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் அவருடைய பூட்ஸ் சேறு காய்ந்து கிடந்தது.

"கரையைக் காலி பண்ணிட்டீங்க," என்றேன்.

"மழை வருது. ரேடியோல கேட்கல? மழை அடிச்சா ஒண்ணும் மிஞ்சாது. உட்காரு. அடுப்புல காப்பி இருக்கு, சூடில்ல."

"எங்கப்பாவுக்குச் சாதகமா இருக்கறதை எடுத்து மறைக்கறீங்கன்னு ஊர்ல பேசறாங்க."

"ஊர்ல யாரு? உங்கப்பனா?"

மேஜை ஓரத்தில் ஒரு காப்பிக் கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"தூக்கிப் பாரு," என்றார்.

கோப்பைக்கு அடியில் ஒரு சிறிய சட்டை. குட்டிப் பாம்புவாலின் சட்டை.

"எங்க கிடைச்சுது?"

"அணைக்கு மேல. பெரிய பாறையோட முகத்துல, நேத்துக் காலையில."

"அப்ப எங்கப்பா..."

"இரு. எப்படி இருந்துச்சுன்னு கேளு." அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "தலை கீழ இருந்துச்சு."

எனக்கு உடனே புரிந்தது. நெட்டுக்குத்தான பாறையில் நீர்ப்புழு தண்ணீரிலிருந்து மேலே ஏறும். ஏறிய இடத்தில் நின்று சட்டை உரிக்கும். தலை வானத்தைப் பார்த்துத்தான் இருக்கும். தண்ணீரை நோக்கி இறங்கிச் சட்டை உரிக்கிற தட்டானை யாரும் பார்த்ததில்லை.

"கால் பாறையைப் பிடிக்கவும் இல்ல. பசை," என்றார். "தூண்டில்ல பொய் ஈ கட்டற பசை. மோந்து பாரு. முதல்ல உன்னைத்தான் நினைச்சேன். அப்புறம் நினைச்சேன், நீ வச்சிருந்தா தலையை மேல வச்சிருப்ப. அந்தளவுக்காவது படிச்சிருப்ப. தண்ணிக்குள்ள இருக்கறதை மட்டும் தெரிஞ்சவன், வெளியே வந்தப்புறம் அது என்ன பண்ணும்னு பார்க்காதவன், அவன்தான் இப்படி ஒட்டுவான். உன் சட்டை எங்க?"

"தீப்பெட்டியில. கல்லா டிராயர்ல."

"போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். தீப்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. கையில் எடுத்ததும் கலகலத்தது. சட்டைக்குக் கனமும் கிடையாது, சத்தமும் கிடையாது. திறந்தால், உள்ளே ஒரு சின்னத் தூண்டில் முள். பெட்டி காலியாக இருப்பது தெரியக்கூடாது என்று அப்பா போட்டு வைத்திருக்கிறார்.

அதை அப்பா முன்னால் வைத்தேன். அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமாம். வச்சேன்."

"ஏம்பா?"

"அவ எழுதிட்டா? அப்புறம் என்ன பண்ணுவோம்? உன் பேரு வேற அதுல தொங்கிட்டு இருக்கு." கழுத்து சிவந்திருந்தது. "ஆனா கேளு டெஸ். சட்டையை வச்சேன். தண்ணியை ஊத்தல. அந்தத் தொட்டியில இருந்தது நம்ம ஆத்துச் சிறுமீன். சத்தியமா."

"ஒட்டறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

நானே ஆர்லிஸிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். இனி அவர் எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். போகும் வழி முழுக்க, கடை இல்லாமல் அப்பா என்ன செய்வார் என்று யோசித்துக்கொண்டே போனேன். ஆர்லிஸ் கேட்டுவிட்டு, சட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒட்டினான்னு தெரியும். ஊத்தினானான்னு தெரியாது. ஒட்டினதுக்கு லைசென்ஸ் போகாது."

"அப்ப எழுத மாட்டீங்களா?"

"பார்த்தா எழுதுவேன்னு சொன்னேன். பார்க்கல. ஆனா இல்லைன்னும் பார்க்கல." மழை ஜன்னலில் விழ ஆரம்பித்தது. அந்த வருடத்துச் சட்டைகள் அதோடு முடிந்தன. "ஒரு பொய் சொன்னவன் ரெண்டாவது சொல்ல மாட்டானா? அதான் என் கஷ்டம்."

வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டுவிட்டேன். "வெர்ன் படத்தை எடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "பனி மேல நிழல் விழுந்திருந்துச்சு. காது மூடற தொப்பி, ஒரு காது மட்டும் தூக்கிக் கட்டியிருக்கும். அப்படி இந்த ஊர்ல யாரு கட்டறான்?"

அப்பாதான். இன்றும் அப்படித்தான் கட்டுகிறார்.

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் தினம் எங்க கடையில காப்பி குடிச்சீங்க?"

"என்னிக்காவது சொல்வான்னு பார்த்தேன்," என்றார். "காப்பியும் நல்லாத்தான் இருக்கும்."

நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. மறுநாள் ஆர்லிஸ் வழக்கம்போலக் கடைக்கு வந்தார். அப்பா ஊற்றிக் கொடுத்தார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஆர்லிஸின் கண் மங்க ஆரம்பித்தது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, ஓரங்கள் மட்டும் தெரிகிறது என்றார். "இப்ப விரலே வேண்டாம். தட்டான் தானா மறைஞ்சுடுது," என்று கடையில் சொல்லிச் சிரித்தார், வேறு யாரும் சிரிக்கவில்லை. சரிபார்க்கும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு டுலூத்தில் மகள் வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஜூனில் நான் அவருடைய படகைக் கடன் வாங்கிக்கொண்டு அணைக்கு மேலே தினமும் போனேன். நடு ஆற்றில் ஒரு பாறை இருக்கிறது, கரையிலிருந்து எட்டாது. அங்கே ஒரு காலையில் குட்டிப் பாம்புவால் ஏறிக்கொண்டிருந்தது. சட்டை அல்ல, உயிரோடு. என் கண் முன்னால் முதுகு பிளந்து, தேன்நிறச் சிறகு விரிந்தது. தலை மேலே. ஒரு ஓரமும் வெட்டாமல் படம் எடுத்தேன்: பாறை, தண்ணீர், எதிர்க்கரை, அணைக்கு மேல்பக்கம் இருக்கும் பாலத்தின் துருப்பிடித்த கைப்பிடி.

கடையிலிருந்து ஆர்லிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மார்வும் அப்பாவும் பக்கத்தில் நின்றார்கள்.

"படத்தை அனுப்பு. மகள்கிட்ட பெருசாக்கித் தரச் சொல்றேன்."

மத்தியானம் அவரே கூப்பிட்டார். "பாலம் சரி. பாறை எந்தப் பாறை?"

"நடு ஆத்துப் பாறை."

"உயிரோடவா ஏறுச்சு?"

"உயிரோடதான். யாரும் கொண்டுவந்து ஒட்ட முடியாது ஆர்லிஸ்."

"ஒட்ட முடியாது. ஆனா புழுவா இருக்கறப்பவே பிளாக் எல்ம்லேருந்து கொண்டுவந்து, அணைக்கு மேல விடலாம்ல? முந்தின நாள் விட்டாக்கூட ஏறும். உங்கப்பன் போன தடவை ஒரு பாடம் கத்துக்கிட்டான்."

அப்பா தொலைபேசியைப் பிடுங்கினார். "தபால்காரம்மா! வலையைத் தூக்கு! தோத்துட்ட!"

"நேர்ல வந்து அந்தப் பாறையைப் பார்க்கறேன் ரோலி. பார்த்துட்டுத் தூக்கறேன். அடுத்த ஜூன்ல."

"யார் வலையை? டெஸ் வலையையா?"

"சந்தேகப்பட்டது உன்னைத்தானே? உன் வலையை."

அப்பாவிடம் தட்டான் வலை கிடையாது. அவரிடம் இருப்பது சிறுமீன் வாரும் பெரிய வலை, இரண்டு பக்கமும் கம்பு, நனைந்தால் ஒரு கன்றுக்குட்டி கனம். தொலைபேசியை வைத்துவிட்டு அவர் அதைச் சிரித்துக்கொண்டே துவைத்துக் காயப்போட்டு, பட்டத்துக்கும் பைக் மீனுக்கும் நடுவில் ஆணியில் மாட்டினார். புதிய சரிபார்ப்பவர் என் பதிவை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். எனக்கு அது கொஞ்சம்கூட நிறைவாக இல்லை. ஆர்லிஸ் சொன்னதை அப்பா செய்திருக்க முடியுமா என்று யோசித்தேன். முடியும். படகு, தொட்டி, பிளாக் எல்ம் போகும் வழி எல்லாம் அவர் கையில்தான் இருந்தன. செய்தாரா என்று கேட்கவில்லை. கேட்டால் சத்தியம் செய்வார்.

மார்ச்சில், ஆற்றில் இன்னும் பனிக்கட்டி உடையாதபோது, ஆர்லிஸ் டுலூத்தில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போயிருந்தோம். அப்பா தொப்பியின் இரண்டு காதுகளையும் இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

ஜூன் வந்ததும் மார்வ் கடையில் சொன்னார். "ரோலி, அந்த வலையை நான் தூக்கறேன்பா ஒரு நாள். அவளுக்குப் பதிலா. முடிச்சுடுவோம்."

அப்பா காப்பி ஊற்றுவதை நிறுத்தவில்லை. "நீ எதுக்குத் தூக்கணும்? கடன் அவளோடது."

வலை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. சிறுமீன் வார அப்பா புதிதாக வேறொன்று வாங்கிக்கொண்டார்.